ஆர்க்டிக் மலைகளுக்கு எந்த மாதம் போவது? தண்ணீரைக் கேட்டால் தெரியும்

அலாஸ்காவின் நடுவே இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து வடக்கே வண்டியை விட்டால், பெரும்பாலும் சரளைக்கல் பரப்பிய டால்டன் நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 415 கிலோமீட்டரில் கோல்ட்ஃபுட் வரும். ஊர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு சாப்பாட்டுக் கடை, தங்க அறைகள், கோடையில் மட்டும் திறந்திருக்கும் ஓர் அரசுத் தகவல் மையம். அதை விட்டால் சாலை முடியும் டெட்ஹார்ஸ் வரை, இன்னும் 385 கிலோமீட்டருக்கு, பெட்ரோல் கிடையாது. இந்தச் சாலைக்கு மேற்கே ப்ரூக்ஸ் மலைத்தொடரின் நடுப்பகுதி விரிந்து கிடக்கிறது. அதுதான் கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடக் கொஞ்சம் சிறியது. முழுவதும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே. உள்ளே ஒரு சாலை இல்லை, ஒரு நடைபாதை இல்லை, கூடாரம் போட என்று வகுத்த இடமும் இல்லை. ஆண்டுக்குப் பத்தாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில்தான் ஆட்கள் வருகிறார்கள்.

1929 கோடையில் ராபர்ட் மார்ஷல் என்ற வனவியலாளர் கொயுகுக் ஆற்றின் வடகிளை வழியே இங்கே வந்தார். ஆற்றின் இருபுறமும் ஃப்ரிஜிட் கிராக்ஸ், போரியல் என்ற இரண்டு மலைகள் தூண்கள் போல நிற்பதைப் பார்த்து, ஆர்க்டிக்கின் வாசல் இது என்று பெயர் வைத்தார். 1980இல் பூங்கா அமைந்தபோது அந்தப் பெயரே நிலைத்தது.

இங்கே போக ஆசைப்படுகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்த மாதம் நல்லது என்பது. கேட்டவுடன் வெப்பநிலைப் பட்டியல் ஒன்றைத் தேடி எடுப்பார்கள். ஜூலைப் பகல் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், ஜனவரியில் மைனஸ் 30க்கும் கீழே இறங்கும் என்று அதில் இருக்கும். சரி, ஜூலையில் போவோம் என்று முடிவாகும். அந்த முடிவு பல சமயம் சரியாகவும் அமையலாம். ஆனால் அந்தப் பட்டியலை வைத்து ஒரு பயணத்தைத் திட்டமிடுவது, நெல் விதைக்க வெயில் அளவை மட்டும் பார்ப்பது போன்றது. குளிருக்கு உடுப்பு இருக்கிறது, கூடாரம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. இந்த மலைகளில் ஒருவரைத் தடுப்பதும் திருப்பி அனுப்புவதும் சில நேரம் உயிரை எடுப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தான். அது உறைந்திருக்கிறதா, உருகிக்கொண்டிருக்கிறதா, மேலிருந்து விழுகிறதா, தரையில் தேங்கிக் கொசுவை வளர்க்கிறதா, மேகமாக வந்து கணவாயை மூடுகிறதா என்று மாதத்துக்கு மாதம் கேட்டுப் பார்த்தால், வெப்பநிலைப் பட்டியல் சொல்லாத எல்லாவற்றையும் அது சொல்லிவிடும்.

இத்தனைக்கும் இங்கே பெய்யும் மழை பெரிய மழை அல்ல. மலைத்தொடரின் வடபுறத்தில் ஆண்டு முழுதும் மழையும் பனியும் சேர்ந்து 130 முதல் 250 மில்லிமீட்டர் வரைதான். பாலைவனக் கணக்கு அது. தென்புறத்தில் இடத்துக்கு இடம் 200 முதல் 450 மில்லிமீட்டர் வரை. அப்படியானால் இவ்வளவு தண்ணீர்த் தொல்லை எங்கிருந்து வருகிறது?

காலடியில் இருக்கிறது பதில். இங்கே நிலத்துக்கு அடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண் இருக்கிறது. பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். கோடையில் மேலே ஓரிரு அடி மட்டும் இளகும். அதற்குக் கீழே கல்போல இறுகிய தரை. மண் முற்றத்தில் பெய்த மழை உள்ளே இறங்கிவிடும். சிமெண்ட் பூசிய முற்றத்தில் பெய்தால் அப்படியே வழிந்து வாசலுக்கு ஓடும். ப்ரூக்ஸ் மலைச்சரிவு முழுவதும் சிமெண்ட் முற்றம். மேலே போர்த்தியிருக்கும் பாசி முதல் மழையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அது ஊறி நிறைந்த பிறகு பெய்வதெல்லாம் நேராக ஓடைக்கு. காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை மாலையில் இடுப்புக்கு மேல் ஓடுவது இதனால்தான். சமதளத்தில் ஓட வழியில்லாத தண்ணீர் அங்கேயே நிற்கும். அதனால்தான் பாலைவனத்தின் மழையளவுள்ள ஒரு நிலம் சதுப்பாகக் கிடக்கிறது.

அந்தச் சதுப்பில் கோரைப்புல் குவைகுவையாக வளர்ந்திருக்கும். டஸக் என்று பெயர். முழங்கால் உயரம், தலை கனத்து அடி சிறுத்து, மிதித்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு குவைகளுக்கு நடுவே கால் வைத்தால் தண்ணீர். முதுகில் இருபது கிலோ மூட்டையுடன் இதில் நடந்து பார்க்காதவர்கள் வரைபடத்தில் நாளுக்கு 20 கிலோமீட்டர் என்று கோடு போட்டுவிடுவார்கள். நாளுக்கு 10 கிலோமீட்டர் போனாலே இங்கே நல்ல நடை. பயணத் திட்டத்தில் முதல் வேலை, மற்ற மலைகளில் பழகிய தூரக் கணக்கைப் பாதியாகக் குறைப்பது.

சரி, மாதங்களுக்கு வருவோம்.

மே மாதத்தை விட்டுவிடலாம். ஏப்ரல் வரை ஆறுகள் உறைந்த சாலைகளாக இருந்தன. மே நடுவில் அவை உடையத் தொடங்கும். உள்ளூரில் இதை ‘பிரேக்கப்’ என்பார்கள். அலாஸ்காவில் இது ஒரு தனிப் பருவத்தின் பெயர். வீடளவு பனிக்கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஆற்றை அடைத்து, பின் திறந்துகொண்டு ஓடும். பனிச்சறுக்குக் கட்டையும் உதவாது, படகும் உதவாது, நடக்கவும் முடியாது. பகலில் பனி இளகிக் கால் தொடைவரை புதையும். பெரும்பாலோர் உள்ளே போவது ஏரியில் இறங்கும் சிறு விமானத்தில். மே மாதத்தில் ஏரியின் மேல் பனிக்கட்டி இருக்கும். சறுக்கு மாட்டிய விமானம் இறங்க அது போதாது, மிதவை மாட்டிய விமானத்துக்கு அதுவே தடை. 2015ஆம் ஆண்டு மே மாதம் டால்டன் நெடுஞ்சாலையின் வடபகுதியில் சாகவானிர்க்டோக் ஆறு சாலை மேலேயே ஏறி ஓடி, போக்குவரத்து வாரக்கணக்கில் நின்றுபோனது. குளிர்காலம் முழுவதும் ஊற்றுநீர் கசிந்து கசிந்து, அடுக்கடுக்காக உறைந்து, ஆற்றுப் படுகையையே மேடாக்கியிருந்தது அதற்குக் காரணம். அந்த அடுக்குப் பனிக்கு ஆஃபைஸ் என்று பெயர். வசந்த வெள்ளம் வந்தபோது அதற்குப் போக வழக்கமான பள்ளம் இல்லை. சாலைதான் பள்ளமானது.

ஜூன் அழகான மாதம். அதே சமயம் ஏமாற்றும் மாதம். கோல்ட்ஃபுட்டிலும் அதற்கு வடக்கேயும் மாதம் முழுவதும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்குவதில்லை. இரவு பதினொரு மணிக்கு மலைமுகடுகள் பொன்னாக மின்னும். எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், எப்போது வேண்டுமானாலும் உறங்கலாம். மழையும் குறைவு. ஆனால் உயரத்திலுள்ள ஏரிகளில் ஜூன் நடுப்பகுதி வரை பனிக்கட்டி கிடக்கலாம். அதுவரை மிதவை விமானம் அங்கே இறங்காது. வடக்கு நோக்கிய கணவாய்களில் பழைய பனி நிற்கும். நல்ல வெயில் நாட்களில் அந்தப் பனி உருகி, மழையே இல்லாமல் ஓடைகள் நிறையும். தாழ்ந்த, தெற்கு நோக்கிய பள்ளத்தாக்கு ஒன்றைத் தேர்ந்து கொண்டால் ஜூனின் முதல் இரண்டு வாரம் அருமையான காலம் என்பது என் எண்ணம். வெளிச்சம் உண்டு, பூக்கள் தொடங்கிவிட்டன, கொசு இன்னும் முழுதாக எழவில்லை.

கொசு எழுந்தபின் எதுவும் அதேபோல் இருப்பதில்லை. ஜூன் பிற்பாதி முதல் ஜூலை முடியும் வரை அதன் ஆட்சி. தேங்கிய தண்ணீர் வெயிலில் லேசாக வெதுவெதுக்க, அதுவரை காத்திருந்த முட்டைகள் ஒரே நேரத்தில் பொரியும். கொசு கடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் முகவலை கொண்டுபோகிறார்கள். மூச்சை இழுத்தால் வாய்க்குள் போகுமளவு அவை மொய்க்கும்போது மனிதர் செய்யும் தவறுகள் வேறு வகை. நின்று வரைபடம் பார்க்க மாட்டார்கள். ஓடையைக் கடக்க நல்ல இடம் தேடி அரை மணி நேரம் மேலும் கீழும் நடக்க மாட்டார்கள். கிடைத்த இடத்தில் இறங்கிவிடுவார்கள். சமைக்காமல் படுத்துவிடுவார்கள். ஐந்தாம் நாளில் உடம்பில் தெம்பு இருக்காது. கொசுவை ஒரு தொல்லை என்று மட்டும் கணக்கில் எழுதாமல், முடிவெடுக்கும் திறனைக் குறைக்கும் ஒன்று என்று எழுதிவைப்பது நல்லது.

இதில் கரிபூ மான்கள் நமக்கு வழிகாட்டிகள். ஜூலையில் அவை காற்று வீசும் முகடுகளிலும், உருகாமல் மிஞ்சிய பனித்திட்டுகளிலும் போய்க் கூட்டமாக நிற்கும். பார்க்கிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். பூச்சியிலிருந்து தப்பிக்கத்தான் அப்படி நிற்கின்றன. மனிதருக்கு அதே வேலையைச் செய்வது ஆற்றுப்படுகையின் கூழாங்கல் திட்டு. புதரும் இல்லை, தேங்கிய தண்ணீரும் இல்லை, பள்ளத்தாக்கின் காற்று நேராக வீசும். ஜூலைக்கு அதைவிட நல்ல கூடார இடம் கிடையாது. ஆனால் அதே திட்டுதான் மழை பெய்தால் முதலில் முழுகுவதும்.

தெற்குச் சரிவில் ஜூன், ஜூலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே ஸ்ப்ரூஸ் காடு இருக்கிறது. உலர்ந்த கோடைகளில் மின்னல் விழுந்து தீப்பிடித்தால் வாரக்கணக்கில் புகை நிற்கும். விமானிகள் இங்கே கண்ணால் மலையைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். புகை மூடினால் விமானம் கிளம்பாது. மரமே இல்லாத வடசரிவும் தப்புவதில்லை. 2007இல் அனக்டுவுக் ஆற்றருகே துந்திராப் புல்வெளி பற்றிக்கொண்டு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் எரிந்தது. அந்தச் சரிவில் பதிவான தீக்களில் அதுவே பெரியது. தண்ணீர் மிகுந்தால் ஒரு துன்பம், குறைந்தால் வேறொரு துன்பம்.

இனி ஆகஸ்ட். இந்த மாதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் பேர் விரும்பித் தேர்வதும் தவறாகக் கணிப்பதும் இதைத்தான்.

காரணங்கள் நல்லவை. முதல் உறைபனி விழுந்ததும் கொசு ஒடுங்கும். காட்டுப் புளுபெர்ரி பழுத்திருக்கும். மாதக் கடைசியில் துந்திரா சிவக்கும். குட்டைச் செடிகள் குங்குமமும் மஞ்சளுமாக மாறிச் சரிவு முழுவதும் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும். இரவு மீண்டும் வந்திருக்கும். ஆகஸ்ட் பிற்பாதியில் துருவ ஒளியும் தெரியத் தொடங்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் ஆண்டின் அதிக மழை பெய்வதும் ஆகஸ்டில்தான். பேரிங் கடல், சுக்சி கடல் பக்கமிருந்து ஈரக்காற்று தென்மேற்கிலிருந்து வந்து மலைத்தொடரின் தென்முகத்தில் மோதும். இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழை அல்ல அது. நம் பெரும்பொழுதுகளில் கூதிர் என்று ஒன்று உண்டே, எலும்பில் இறங்கும் அந்த ஈரக் குளிர், அதை நான்கு ஐந்து நாட்களுக்கு நீட்டிப் பாருங்கள். மூன்று டிகிரி, ஐந்து டிகிரி, சாரல், காற்று. உயரே அது பனியாக விழும். இம்மலைகளில் ஆண்டின் எந்த மாதத்திலும் பனி விழக்கூடும்.

உடல் வெப்பம் இறங்கிப்போகும் ஆபத்து மைனஸ் 30இல்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மைனஸ் 30இல் பனி உலர்ந்த மாவுபோல் இருக்கும், உதறினால் போய்விடும், உடை நனையாது. மூன்று டிகிரி மழையில் உடை நனையும்; காற்று அடிக்கும்; நடக்கும்போது தெரியாது; நின்றவுடன் உடம்பு நடுங்கத் தொடங்கும். பேச்சு குழறும், விரல் பொத்தானைப் போடாது. உலர்ந்த துணி ஒரு செட், எது நடந்தாலும் பகலில் தொடாமல், நீர் புகாத பையில் இருக்க வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது ஆகஸ்டை மனத்தில் வைத்துத்தான்.

இந்த மழை ஆற்றை என்ன செய்யும் என்பதற்கு 1994 ஆகஸ்டைப் பார்க்கலாம். கொயுகுக் ஆறும் அதன் கிளைகளும் இம்மலைகளின் தென்முகத்தில் பிறந்து கீழே இறங்குகின்றன. அந்த மாதக் கடைசியில் பெய்த தொடர்மழையில் கொயுகுக் பெருகி, கரையிலிருந்த அல்லாகாகெட், அலட்னா என்ற இரு கிராமங்களின் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. தலைமுறைகளாக அந்த ஆற்றோடு வாழ்ந்த மக்களின் ஊர்கள் அவை. ஆற்றைத் தெரிந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், பத்து நாள் விருந்தாளி கூழாங்கல் திட்டில் கூடாரம் போட்டு உறங்கும்போது ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

டெனாலி தேசியப் பூங்காவை ஒட்டிய டெக்லனிகா ஆற்றின் கதையை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ப்ரூக்ஸ் மலைக்கு வெகு தெற்கே இருப்பது. 1992 ஏப்ரல் கடைசியில் கிறிஸ்டோபர் மெக்காண்ட்லெஸ் என்ற இளைஞர் அந்த ஆற்றைக் கடந்து உள்ளே போனார். அப்போது ஆறு குளிரில் ஒடுங்கிக் கிடந்தது. ஜூலைத் தொடக்கத்தில் வெளியேறலாம் என்று திரும்பி வந்தபோது, பனியாறு உருகி வந்த வெள்ளம் கரை நிறைய ஓடியது. திரும்பிப் போனார், ஆகஸ்டில் அங்கிருந்த பழைய பேருந்துக்குள் இறந்தார். அவர் ஏன் போனார், என்ன சாப்பிட்டார் என்பது பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் படுவது ஒன்றுதான்: போகும்போது இருந்த ஆறு திரும்பும்போது இல்லை. அந்தப் பேருந்துக்குப் போகும் தடத்தில் போன இரண்டு பெண்கள், 2010இல் ஒருவரும் 2019இல் ஒருவரும், அதே ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். 2020 ஜூனில் ஹெலிகாப்டர் வைத்துப் பேருந்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆற்றை யாரால் தூக்கிக்கொண்டு போக முடியும்?

டெக்லனிகா போன்ற பனியாற்று நீருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் உருகுவது குறையும், ஆகவே விடியற்காலையில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும், மாலையில் ஏறும். பொறுத்திருந்து அதிகாலையில் கடக்கலாம். ப்ரூக்ஸ் மலையில் பனியாறுகள் மிகச் சிறியவை, சில இடங்களில்தான் இருக்கின்றன. இங்கே ஆற்றை ஏற்றுவது மழை. அதற்குக் காலை மாலை கிடையாது. மழை நின்று, மேட்டில் பெய்ததெல்லாம் வடியும்வரை காத்திருக்க வேண்டும். நிலம் நீரைப் பிடித்துவைக்காது என்பதால் சிறிய ஓடைகள் ஏறியதைப் போலவே விரைவாக இறங்கவும் செய்யும். ஒரு நாள், ஒன்றரை நாள் பொறுத்தால் போதும் என்ற நிலை பல சமயம் வரும். கையில் அந்த ஒன்றரை நாளுக்குச் சோறு இருந்தால் காத்திருப்பார்கள். இல்லாதவர்கள் இறங்குவார்கள். விபத்துகளின் வேர் பல நேரங்களில் ஆற்றில் இல்லை, வீட்டில் மூட்டை கட்டிய நாளில் இருக்கிறது.

கடக்கத் தகுந்த இடம் பார்ப்பது ஒரு கலை. குறுகிய இடம் மனத்தை இழுக்கும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும். ஆறு அகன்று நாலைந்து கிளையாகப் பிரியும் இடமே நல்லது; தண்ணீர் பங்கிட்டுக்கொண்டு ஓடும். நிறம் கலங்கி, அடியில் கற்கள் உருண்டு முட்டும் சத்தம் கேட்டால் இறங்கவே கூடாது. மூட்டையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும். விழுந்தால் உதறிவிட்டு எழலாம். பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்குவதைப் போன்ற தவறு வேறில்லை. அந்த நீர் சில நொடிகளில் பாதத்தை மரக்கச் செய்துவிடும், கல்லின் மேல் கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. நனைந்த பூட்ஸோடு மீதி நாள் நடப்பதுதான் இங்கே வழக்கம். கால் உலர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசையை கோல்ட்ஃபுட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

தென்முகத்துக்கும் வடமுகத்துக்கும் உள்ள வேறுபாடு திட்டமிடுபவருக்குப் பெரிய துணை. ஈரக்காற்று தெற்கே கொட்டிவிடுவதால் முதுகுக்கோட்டைத் தாண்டி வடக்கே போனால் மழை குறையும். அரிகெட்ச் சிகரங்கள் தென்முகத்தில், அலட்னா ஆற்றின் மேற்கே, கருங்கல் விரல்கள் போல எழுந்து நிற்பவை. நீட்டிய கையின் விரல்கள் என்பதுதான் பெயரின் பொருளும். பார்ப்பவர் மனத்தை விட்டு அகலாத இடம். ஆகஸ்டில் அங்கே ஒரு வாரம் கூடாரத்துக்குள் அடைபட்டுத் திரும்பியவர்களும் உண்டு. அதே வாரம் அனக்டுவுக் பாஸ் கிராமத்துக்கு வடக்கே வானம் திறந்திருக்கலாம். ஆனால் அங்கே காற்று கடுமை, மறைவுக்கு ஒரு மரம் கிடையாது, கடற்பக்கமிருந்து மூடுபனி ஏறி வரும். ஆகவே ஆகஸ்டில் போவோருக்கு என் யோசனை: ஒரே வழியைக் கெட்டியாகப் பிடிக்காமல் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று இரண்டை வரைந்துகொண்டு பெட்டில்ஸ் என்ற சிற்றூர் வரை போங்கள். அங்கே பூங்காக் காவலர் நிலையம் இருக்கிறது, விமானிகள் இருக்கிறார்கள். கடைசி மூன்று நாள் எங்கே பெய்தது, எந்த ஆறு எப்படி ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த இணையக் கணிப்பும் அதற்கு ஈடாகாது.

படகில் போகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். பூங்காவின் உயர்ந்த சிகரமான இகிக்பக்கின் அடியில் பிறக்கும் நோடக் ஆறு, பெரும்பாலும் மரங்களற்ற பள்ளத்தாக்கு வழியே மேற்கே ஓடி, சுக்சி கடலோரத்தில் கலக்கிறது. நடப்பவர் அஞ்சும் தண்ணீர் அவர்களுக்கு வாகனம். தலைப்பகுதியில் நீர் வற்றினால் படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஆகவே ஓரளவு மழையை அவர்கள் வரவேற்பார்கள்.

செப்டம்பர் முதல் வாரத்துக்குள் உறைபனி தினசரி வாடிக்கையாகிவிடும். பகல் நாளுக்கு எட்டு நிமிடம் போலக் குறைந்துகொண்டே வரும். இரண்டு வாரப் பயணத்தில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வெளிச்சம் கைநழுவிப் போகும். ஜூனில் போய்வந்த அனுபவத்தில் செப்டம்பருக்குத் திட்டமிடுபவர்கள் டார்ச் விளக்கு ஒன்றை மறந்துவிட்டு வருவது உண்டு. இது கரிபூ தெற்கே இறங்கும் காலமும்கூட. அனக்டுவுக் பாஸில் வாழும் நுனமியுட் மக்களுக்கு அந்த வருகைதான் குளிர்காலத்துச் சோறு. மேற்கு ஆர்க்டிக் கரிபூ மந்தை 2003இல் 4,90,000 தலைகள் இருந்தது. 2023 கணக்கெடுப்பில் 1,52,000. மந்தையின் முன்வரிசை மிரண்டு வழி மாறினால் பின்னால் வருவனவும் மாறிப்போகும் என்பது அம்மக்களின் நெடுநாள் அனுபவம். கணவாயின் வாயில் வண்ணக் கூடாரம் போட்டுப் படம் பிடிக்க உட்காருவதற்கு முன் இதை எண்ணிப் பார்ப்பது நாகரிகம். செப்டம்பர் கடைசியில் ஏரிகள் தோலுறையத் தொடங்கும். மிதவை விமானங்கள் நிற்கும். அக்டோபர், மே மாதத்தின் இரட்டைப்பிறவி: தண்ணீருமில்லை, பனிக்கட்டியுமில்லை.

குளிர்காலம் பற்றி ஒரு செய்தி. 1971 ஜனவரி 23 அன்று இம்மலைகளுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்ட் க்ரீக் என்ற இடத்தில் மைனஸ் 62.2 டிகிரி பதிவானது. அமெரிக்காவில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் அதுதான். அங்கிருந்து கிழக்கே ஃபோர்ட் யூகானில் 1915 ஜூன் மாதம் 37.8 டிகிரி பதிவாகியிருக்கிறது, அது மாநிலத்தின் உச்சம். இரண்டுக்கும் நடுவே மிகச் சரியாக நூறு டிகிரி. ப்ராஸ்பெக்ட் க்ரீக் மலையுச்சி அல்ல, பள்ளம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். குளிர்காலத்தில் ஆற்றங்கரையை விட்டுச் சரிவில் கொஞ்சம் ஏறிக் கூடாரம் போட்டால் பல டிகிரி மிச்சம்.

குளிர்காலப் பயணிகள் நாய்வண்டியிலும் சறுக்குக் கட்டையிலும் வருவது பெரும்பாலும் மார்ச் பிற்பாதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும்தான். பகல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும், ஆறுகள் இன்னும் கெட்டியாக இருக்கும். அப்போதும் தண்ணீர் விடுவதில்லை. ஆற்றின் மேற்பரப்பு தடித்து உறைந்து அழுத்தும்போது அடியில் ஓடும் நீர் பிளவு வழியே மேலே வந்து, பனிக்கட்டிக்கு மேலும் பனிப்போர்வைக்கு அடியிலுமாகப் பரவி நிற்கும். வெளியே மைனஸ் 35. மேலே வெள்ளைவெளேரென்ற பனி. கால் வைத்தால் கணுக்கால் வரை ஈரம். ஓவர்ஃப்ளோ என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் நாய்வண்டிக்காரர்கள் முகம் மாறும். கோடையில் கால் நனைந்தபடி நடக்கலாம். அங்கே நனைந்த கால் உடனே உலராவிட்டால் விரல்கள் போய்விடும்.

இத்தனை மாதக் கணக்கும் பழைய ஆண்டுகளின் அனுபவத்தில் எழுந்தது. ஆர்க்டிக் மற்ற உலகைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. உறைநிலம் இளகும்போது அதுவரை மூடிக் கிடந்த கந்தகக் கனிமங்கள் நீரோடும் காற்றோடும் கலந்து, தெளிந்த மலையோடைகள் ஆரஞ்சு நிறமாக ஓடத் தொடங்கியிருக்கின்றன. ப்ரூக்ஸ் மலைத்தொடரில் அப்படி 75 ஓடைகளை 2024இல் வெளியான ஓர் ஆய்வு குறித்திருக்கிறது. இரும்பும் அமிலமும் வேறு உலோகங்களும் கலந்த நீர் அது. மீனுக்கு ஆகாது. பயணியின் வடிகட்டி கிருமியைத்தான் தடுக்கும், கரைந்த உலோகத்தைத் தடுக்காது. பத்து ஆண்டுக்கு முந்தைய குறிப்பில் ‘எங்கும் நல்ல குடிநீர்’ என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பி இரவுத் தங்கலை வைக்க வேண்டாம். நிறம் மாறிய ஓடையை விட்டுப் பக்கவாட்டுக் கிளையைத் தேட வேண்டிவரும்.

வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்காரும்போது நான் பரிந்துரைக்கும் முறை இது. நடக்கும் கோட்டை வரைவதற்கு முன், கடக்க வேண்டிய ஆறுகளை எல்லாம் நீலப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும், இது மூன்று நாள் மூடிக்கிடந்தால் நான் எந்தக் கரையில் இருப்பேன், விமானம் வரும் ஏரி எந்தக் கரையில் இருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டும் ஒரே கரையில் வரும்படி வழியை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். அதற்காக ஒரு நல்ல கணவாயை இழக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் அந்த ஆற்றைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல் நடுவில் வையுங்கள். கைபேசி எங்கும் எடுக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இல்லாமல் போக வேண்டாம்.

விமானியிடம் தேதி பேசும்போது அவர் ஒரு நாளைச் சொல்வார், கூடவே ‘மேகம் விட்டால்’ என்பார். அந்தச் சொல்லுக்கு நீளம் சில சமயம் மூன்று நாள். ஃபேர்பேங்க்ஸிலிருந்து ஊர் திரும்பும் விமானச்சீட்டை அதற்கு மறுநாளே போட்டுவிட்டால், ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மேகத்தின் மேலேயே இருக்கும். பயணச்சீட்டில் நான்கு நாள் இடைவெளி விட்டு, மூட்டையில் மூன்று நாளுக்கு மேலதிக அரிசியும் பருப்பும் வைத்திருப்பவர் அதே ஏரிக்கரையில் அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டுக்கொள்ளலாம்.